இரத்தக் கொழுப்புப் பரிசோதனை: சீட்டில் இருக்கும் கணக்கு

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வழக்கமா இந்த மைக் முன்னாடி நான் வந்தா எங்க குழுவோட வரவு செலவுதான் வாசிப்பேன். இன்னைக்கும் கணக்குதான் பேசப் போறேன். ஆனா இது இரத்தத்துல இருக்கிற கொழுப்போட கணக்கு. நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. பத்தாவது வரைக்கும் படிச்சுட்டு வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கிறவ. ஒரு சீட்டை ஒழுங்காப் படிக்கத் தெரியாததால எங்க வீட்டுல ஏழு மாசம் வீணாப் போச்சு. அது உங்க வீட்டுல நடக்கக் கூடாதுன்னுதான் தலைவி அக்கா பேசச் சொன்னதும் ஒத்துக்கிட்டேன்.

2022 தை மாசம் எங்க கொழுந்தனார் இறந்துட்டார். வயசு 39. கரும்பு லோடு ஏத்திட்டு வந்தவர் நெஞ்சு எரியுதுன்னு சொன்னார். வாயுவா இருக்கும்னு நாங்களும் சோடா வாங்கிக் குடுத்தோம். ஓமத்தண்ணி குடுத்தோம். வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவர் சம்சாரம் நம்ம கூட்டமைப்புலதான் வேறொரு குழுவுல இருக்கா. அவளைக் கேட்டுக்கிட்டுத்தான் இதை இங்க சொல்றேன்.

காரியம் முடிஞ்ச பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "இந்த வயசுல மாரடைப்பு வந்திருக்குன்னா கூடப் பொறந்தவங்க எல்லாரும் கொழுப்பு டெஸ்ட் எடுக்கணும். தள்ளிப் போடாதீங்க." எங்க வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆனா எடுக்கல. நான் கேக்கும் போதெல்லாம் அடுத்த வாரம், அறுப்பு முடியட்டும்னு நாள் ஓடுச்சு.

ஆடி மாசம் குலசாமிக்குக் கிடா வெட்டினோம். மறுநாள் மோட்டாருக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போனவர், கூட்டாளி ஒருத்தர் சொன்னார்னு ஒரு லேப்ல இரத்தம் குடுத்துட்டு வந்தார். முதல் நாள் ராத்திரி கறிச்சோறு. கூட்டாளிங்களோட கொஞ்சம் குடியும் உண்டு. காலையில டவுன்ல பரோட்டா. அதுக்கு மேல குடுத்த இரத்தம் அது.

சாயங்காலம் சீட்டோட வந்தார். அதுல இருந்ததை அப்படியே சொல்றேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 262. டிரைகிளிசரைடு 612. எச்.டி.எல்., அதாவது நல்ல கொழுப்புன்னு சொல்றது, 34. வி.எல்.டி.எல். 122. எல்.டி.எல்., கெட்ட கொழுப்புன்னு சொல்றது, 106.

கூட்டாளி அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கார்: "கெட்டது 130க்குள்ள இருந்தா பயமில்லப்பா. உனக்கு 106தான்." அந்த ஒரு வார்த்தை போதும் எங்களுக்கு. சீட்டுல மத்த எண்ணெல்லாம் சரியில்லன்னு பக்கத்துலயே போட்டிருந்துச்சு. மொத்தம் 200க்குள்ள இருக்கணும், டிரைகிளிசரைடு 150க்குள்ள இருக்கணும், எச்.டி.எல். ஆம்பளைக்கு 40க்கு மேல இருக்கணும். அதையெல்லாம் விட்டுட்டு நமக்குப் பிடிச்ச ஒரு எண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். டாக்டர்கிட்ட சீட்டைக் காட்டவே இல்ல. நானும் நிம்மதியாத்தான் தூங்கினேன். அந்தத் தப்புல எனக்கும் பங்கு இருக்கு.

ஏழு மாசம் கழிச்சு, மாசியில, தணிக்கைக்காக எங்க குழு கணக்கை எழுதிக்கிட்டு இருந்தேன். பேரேட்டைத் திறந்தா நடுவுல அந்தச் சீட்டு கெடந்துச்சு. கையில பேனா இருந்துச்சு. பழக்க தோஷத்துல கூட்டிப் பாத்தேன். 34, 122, 106. கூட்டினா 262. மொத்தத்தோட ஒரு எண்கூட வித்தியாசம் இல்லாம சரியா நிக்குது.

நம்ம குழுவுல கணக்கு எழுதுற எல்லாருக்கும் ஒண்ணு தெரியும். கையிருப்பைப் பெட்டியில எண்ணிப் பாத்து எழுதுறது ஒண்ணு. வரவுல செலவைக் கழிச்சு, இவ்வளவு இருக்கணும்னு எண்ணாமலே எழுதுறது இன்னொண்ணு. எண்ணி எழுதினா அஞ்சு ரூபா, பத்து ரூபா முன்னே பின்னே வரும். எண்ணாம எழுதினா எப்பவும் அச்சு அசலா டேலி ஆகும். தணிக்கைக்கு வர்றவங்க முதல்ல சந்தேகப்படுறதே அந்த மாதிரி பக்கத்தைத்தான்.

அடுத்து 122ங்கிற எண்ணைப் பாத்தேன். மேல 612 இருக்கு. 122ஐ அஞ்சால பெருக்கினா 610. ஆக 612ஐ அஞ்சால வகுத்துத்தான் அந்த 122ஐப் போட்டிருக்காங்க. அந்த 122ஐயும் 34ஐயும் 262ல கழிச்சுத்தான் 106ஐயும் போட்டிருக்காங்க. எதை நம்பி ஏழு மாசம் நிம்மதியா இருந்தோமோ, அந்த எண்ணை அந்த லேப்ல யாரும் அளக்கவே இல்ல. அது கழிச்சு எழுதின எண்.

அந்த வாரம் அத்தையைச் சர்க்கரைக்குக் காட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இரத்தம் எடுக்கிற லேப் டெக்னீசியன் தங்கச்சிகிட்ட சீட்டைக் காட்டினேன். பாத்த உடனே, "என்னக்கா இது? டிரைகிளிசரைடு 400க்கு மேல போனா எல்.டி.எல். கட்டத்தைக் காலியா விட்டிருக்கணுமே, இதுல போட்டு வச்சிருக்காங்க"ன்னா. அத்தை வெளிய பெஞ்சுல உக்காந்து, "ஏம்மா, சீட்டு வாங்க வந்தியா, பாடம் படிக்க வந்தியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கூட்டம் குறைஞ்ச பிறகு அந்தத் தங்கச்சி, பெரிய டெக்னீசியன் சார்கிட்ட கேட்டுட்டு, என்னை உள்ள கூப்பிட்டு ஒவ்வொண்ணாக் காட்டினா. அதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல இரத்தத்துல கொழுப்பு எப்படி இருக்குன்னு தெரியணும். இரத்தம் தண்ணி மாதிரி. எண்ணெய் தண்ணியில கரையாது, நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். அதனால உடம்பு கொழுப்பைத் தனியா விடுறதில்ல. புரதத்தோட சேத்துச் சின்னச் சின்ன உருண்டையாப் பொட்டலம் கட்டி அனுப்புது. அந்தப் பொட்டலத்துக்குத்தான் லிப்போபுரதம்னு பேரு. பெரிய பொட்டலத்துல டிரைகிளிசரைடு அதிகமா இருக்கும், லேசா மிதக்கும். அதுல ஒண்ணுதான் வி.எல்.டி.எல். எல்.டி.எல். பொட்டலம்தான் கொலஸ்ட்ராலை அதிகமா ஏத்திக்கிட்டுப் போறது. அது கூடினா இரத்தக் குழாய்ச் சுவத்துல போய்ப் படியும். எச்.டி.எல். சின்னது, கனமானது. மிச்சமிருக்கிற கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டு வர்ற வேலை அதோடது. மொத்தக் கொலஸ்ட்ரால்னு சீட்டுல வர்றது இந்த எல்லாப் பொட்டலத்துலயும் இருக்கிற கொலஸ்ட்ராலைச் சேத்த கூட்டுத்தொகை.

சாப்பிட்ட உடனே குடல்ல இருந்து இன்னொரு பெரிய பொட்டலம் வரும். அதுக்குப் பேரு கைலோமைக்ரான். கறிச்சோறு சாப்பிட்டவங்க இரத்தத்துல அது நெறைய மிதக்கும். அந்தத் தங்கச்சி ஒரு குழாயைக் காட்டினா. இரத்தத்தைச் சுத்தி எடுத்தா மேல வர்ற தெளிநீரு, நல்லா இருந்தா சீயக்காய் ஊற வச்ச தண்ணியோட மேல்தெளிவு மாதிரி வெளிர் மஞ்சளா இருக்கணும். இது அரிசி கழுவின தண்ணி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. "இதை ஃபிரிட்ஜுல ஒரு ராத்திரி வச்சா பாலாடை மாதிரி மேல கட்டும்க்கா. அப்படிக் கட்டினா அது கைலோமைக்ரான். ஆடை கட்டாம முழுசாக் கலங்கலாவே இருந்தா அது வி.எல்.டி.எல்."னு சொன்னா. எந்த மிஷினும் இல்லாமக் கண்ணாலயே பாக்கிற டெஸ்ட் அது.

இப்ப அளக்கிற முறையைச் சொல்றேன்.

கை நரம்புல இருந்து எடுத்த இரத்தத்தை அரை மணி நேரம் அப்படியே உறைய விடுவாங்க. பிறகு சுத்துற மிஷின்ல வச்சுப் பத்து நிமிஷம் சுத்துவாங்க. சிவப்பு எல்லாம் அடியில இறங்கிடும், மேல தெளிநீரு நிக்கும். அதுக்குப் பேரு சீரம். அந்தச் சீரத்துல 10 மைக்ரோலிட்டர் மட்டும் எடுப்பாங்க. ஒரு மில்லியை நூறு பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் அது. கண்ணுல விடுற ஒரு சொட்டு மருந்தைவிடக் குறைவு. அதை ஒரு மில்லி மருந்துல கலந்து, உடம்புச் சூட்டுல, அதாவது 37 டிகிரியில, கொஞ்ச நிமிஷம் வைப்பாங்க.

அந்த மருந்துக்குள்ள நொதிகள் இருக்கு. இட்லி மாவு புளிக்கிறதுக்குக் காரணமான நுண்ணுயிர்கள் வேலை செய்யறதும் நொதியை வச்சுத்தான். இங்க ஒரு நொதி கொலஸ்ட்ராலை அதோட ஒட்டியிருக்கிற கொழுப்புல இருந்து பிரிக்கும். அடுத்த நொதி அந்தக் கொலஸ்ட்ரால் மேல வேலை செய்யும் போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். மூணாவது நொதி அதை வச்சு மருந்துல சாயம் ஏத்தும். குழாய் ரோஸ் கலராகும். கொலஸ்ட்ரால் எவ்வளவோ அவ்வளவு அடர்த்தியான ரோஸ்.

பிறகு அந்தக் குழாய் வழியா மிஷின் பச்சை வெளிச்சத்தை விடும். ரோஸ் கலர் பச்சை வெளிச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். எவ்வளவு வெளிச்சம் அடைபட்டதுன்னு மிஷின் எண் காட்டும். பக்கத்துலயே 200 மில்லிகிராம்னு தெரிஞ்ச அளவுக் கரைசலையும் அதே மாதிரி வச்சுப் பாப்பாங்க. அந்த 200க்கு மிஷின் 0.250 காட்டுது, நம்ம குழாய்க்கு 0.310 காட்டுதுன்னு வைங்க. 0.310ஐ 0.250ஆல வகுத்து 200ஆல பெருக்கினா 248. இவ்வளவுதான் கணக்கு. பத்தாவது படிச்ச எனக்கே போட வந்துச்சு. சீட்டுல 248 மி.கி./டெ.லி.ன்னு இருந்தா 100 மில்லி சீரத்துல 248 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், அதாவது கிட்டத்தட்ட கால் கிராம் இருக்குன்னு அர்த்தம்.

ஒரு காலத்துல இதுக்குக் கந்தக அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஊத்திப் பச்சை நிறம் வர வச்சுப் பாத்திருக்காங்க. கை வெந்துடும், ஆளுக்கு ஆள் அளவும் மாறும். 1974ல நொதி முறை வந்த பிறகுதான் வேலை சுலபமாச்சு.

டிரைகிளிசரைடையும் இதே மாதிரி நொதியை வச்சு, அதை உடைச்சு, அதுல வர்ற கிளிசராலுக்கு ஏத்த மாதிரி நிறம் வர வச்சுத்தான் அளக்கிறாங்க. எச்.டி.எல்.க்கு முன்னாடி ஒரு வழி இருந்துச்சு. பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரிஞ்சது அடியில போய்த் தண்ணி மேல நிக்குமே, அது மாதிரி. சீரத்துல ஒரு மருந்தைப் போட்டா எல்.டி.எல்.லும் வி.எல்.டி.எல்.லும் திரிஞ்சு அடியில போயிடும். மேல நிக்கிற தெளிவுல எச்.டி.எல். மட்டும் இருக்கும். அதுல கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னு பாப்பாங்க. இப்ப பல இடத்துல திரிய வைக்காமலே நேரா அளக்கிற மருந்து வந்திருக்கு.

ஆக மொத்தம், டிரைகிளிசரைடு, எச்.டி.எல். இந்த மூணும் எண்ணிப் பாத்த பணம். எல்.டி.எல். மட்டும்தான் பெரும்பாலான லேப்ல கழிச்சு எழுதுற பணம்.

ஏன் எண்ணக் கூடாதுன்னு நானும் கேட்டேன். எண்ணலாம், ஆனா முன்னாடி அது ரொம்பக் கஷ்டமான வேலை. விதை நெல்லைத் தேர்வு செய்ய உப்புத் தண்ணியில போடுவோம் இல்லையா? முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைச்சு நெல்லைக் கொட்டினா பதர் மேல வந்திடும், நல்ல விதை அடியில நிக்கும். அதே வித்தைதான். சீரத்துல உப்பைச் சேத்து, நிமிஷத்துக்கு பல்லாயிரம் சுத்து சுத்துற பெரிய மிஷின்ல மணிக்கணக்கா சுத்தினா, லேசான பொட்டலம் மேலயும் கனமானது அடியிலயும் பிரியும். 1950 வாக்கில அமெரிக்காவுல கலிபோர்னியாவில ஜான் காஃப்மேன்னு ஒரு விஞ்ஞானி இந்த மாதிரி மிஷினை வச்சுத்தான் இந்தப் பொட்டலங்களைப் பிரிச்சு, எது கூடினா மாரடைப்போட சம்பந்தப்படுதுன்னு ஆராய்ஞ்சிருக்கார். ஊருக்கு ஊரு அந்த மிஷினை வைக்க முடியுமா? ஒரு ஆளுக்குப் பாக்கவே ஒரு நாள் ஆயிடும்.

அதனால 1972ல ஃபிரீட்வால்டு, லெவி, ஃபிரெட்ரிக்சன்னு மூணு பேர் ஒரு சுருக்கு வழி கண்டுபிடிச்சாங்க. 448 பேரோட இரத்தத்தை வச்சுப் பாத்ததுல, வி.எல்.டி.எல்.ல இருக்கிற கொலஸ்ட்ரால் சுமாரா டிரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்குன்னு தெரிஞ்சது. அதனால மொத்தத்துல எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சா எல்.டி.எல். கிடைச்சிடும். நல்ல கணக்குதான். அம்பது வருஷமா உலகம் பூரா இதுதான் ஓடுது. தப்பு அந்தக் கணக்குல இல்ல.

ஆனா அந்த மூணு பேரும் அன்னைக்கே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. டிரைகிளிசரைடு 400க்கு மேல போனா இந்தக் கணக்கைப் போடக் கூடாதுன்னு. ஏன்னா அப்ப அஞ்சுல ஒரு பங்குங்கிற விகிதம் நிக்காது. பொட்டலத்துல டிரைகிளிசரைடுதான் ஏராளமா இருக்கும், கொலஸ்ட்ரால் அந்த அளவுக்கு இருக்காது. நாம அஞ்சால வகுத்து அதிகமாக் கழிச்சிடுவோம். அதிகமாக் கழிச்சா மிச்சம் குறைவாத் தெரியும். கெட்ட கொழுப்பு குறைவா இருக்கிற மாதிரி சீட்டு காட்டும்.

எங்க வீட்டுச் சீட்டுல நடந்தது அதுதான். செலவைக் கூட்டி எழுதினா கையிருப்பு குறையும். அங்க குறைஞ்ச கையிருப்பைப் பாத்து நாம பதறிப் போவோம். இங்க அதே குறையைப் பாத்து நாங்க சந்தோஷப்பட்டோம்.

இப்ப வேற கணக்குகளும் வந்திருக்கு. 2013ல ஒண்ணு, 2020ல ஒண்ணு. 2020ல வந்தது டிரைகிளிசரைடு 800 வரைக்கும் பயன்படும்னு சொல்றாங்க. எல்.டி.எல்.லை நேரா அளக்கிற மருந்தும் இருக்கு. ஒரு மருந்து மத்தப் பொட்டலங்களை ஒதுக்கி வச்சிடும், இன்னொரு மருந்து எல்.டி.எல்.லுக்கு மட்டும் நிறம் குடுக்கும். ஆனா எந்த லேப்ல எந்த முறைன்னு நாம கேட்டாத்தான் தெரியும். சீட்டுல எல்.டி.எல். பக்கத்துல 'கணக்கிட்டது', 'நேரடி'ன்னு போட்டிருந்தா பாத்துக்கோங்க.

வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொன்னேன். "ஏங்க, அந்த 106 நெசமில்லையாம்." முதல்ல கோவம்தான் வந்துச்சு. "நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா"ன்னார். நான் பதில் பேசல. பேரேட்டையும் சீட்டையும் பக்கத்துல வச்சு அந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். பிறகுதான் சொன்னார், ரெண்டு மாசமா உர மூட்டை தூக்கினா நெஞ்சு பிடிக்குது, நிழல்ல உக்காந்தா சரியாயிடுதுன்னு. எங்கிட்ட சொல்லவே இல்ல. சீட்டு நல்லாத்தானே இருக்குன்னு அவரும் விட்டுட்டார். அன்னைக்கு ராத்திரி கொழுந்தனாருக்கு நாங்க வாங்கிக் குடுத்த சோடா பாட்டில்தான் என் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

மறுநாள் காலையிலேயே அரசு மருத்துவமனை. இ.சி.ஜி. எடுத்தாங்க, மாத்திரை குடுத்தாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் குடுத்தாங்க. கொழுப்பு டெஸ்டுக்கு ஒரு வாரம் குடி இல்லாம, கடைசி 12 மணி நேரம் பச்சைத் தண்ணி தவிர எதுவும் இல்லாம வரச் சொன்னாங்க. அந்தச் சீட்டு: மொத்தம் 248, டிரைகிளிசரைடு 240, எச்.டி.எல். 36. 240ல அஞ்சுல ஒரு பங்கு 48. 248ல 36ஐயும் 48ஐயும் கழிச்சா 164. டிரைகிளிசரைடு 400க்குக் கீழ இருக்கிறதால இந்தக் கணக்கு செல்லும். கெட்ட கொழுப்பு 160க்கு மேல போனா அதிகம்னு அர்த்தம். டாக்டர் சார் பாத்துட்டு, குடும்பத்துல இப்படி ஒரு சாவு இருக்கு, நெஞ்சு பிடிப்பும் இருக்குன்னு கொழுப்பைக் குறைக்கிற மாத்திரையை அன்னைக்கே ஆரம்பிச்சார்.

சகோதரிகளே, இதுல இருந்து நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன். தீர்மான நோட்டுல எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க.

ஒண்ணு, சாப்பாட்டுக் கணக்கு. சாப்பிட்டுட்டுப் போனாலும் மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்.டி.எல்.லும் பெருசா மாறாது. அதனால இப்ப பல இடத்துல வெறும் வயிறு கட்டாயமில்லன்னு சொல்றாங்க. ஆனா டிரைகிளிசரைடு சாப்பாட்டாலயும் குடியாலயும் ஏறும். சாப்பிட்டுட்டுக் குடுத்து அது அதிகமா வந்தா, வெறும் வயித்துல மறுபடியும் பாக்கணும். எப்ப சாப்பிட்டோம்னு லேப்ல மறைக்காமச் சொல்லணும். விருந்துக்கு மறுநாள் டெஸ்டுக்குப் போகாதீங்க.

ரெண்டு, இரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷமாவது உக்காருங்க. பஸ்ஸை விட்டு இறங்கி நின்ன வாக்கில குடுத்தா அளவு கொஞ்சம் கூடிக் காட்டும். கையில கட்டுற ரப்பரை ரொம்ப நேரம் இறுக்கி வச்சாலும் அப்படித்தான்.

மூணு, உடம்பு நிலை. காய்ச்சல், பெரிய ஆபரேஷன், மாரடைப்பு இதுக்குப் பிறகு கொஞ்ச நாளைக்குக் கொலஸ்ட்ரால் இறங்கிக் காட்டும். அதைப் பாத்துக் குறைஞ்சிடுச்சுன்னு நினைக்கக் கூடாது. வயித்துல பிள்ளை இருக்கும் போது கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் இயல்பாவே ஏறும். தைராய்டு சுரப்பு குறைவா இருக்கிற பொம்பளைங்களுக்கும் கொலஸ்ட்ரால் கூடும். அதனால இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும்.

நாலு, ஒரே ஆளுக்கு ஒரே வாரத்துல ரெண்டு தடவை எடுத்தாலும் மொத்தக் கொலஸ்ட்ரால் அஞ்சாறு சதவீதம் மாறும். டிரைகிளிசரைடு இருபது சதவீதம்கூட மாறும். 200 இருந்தது 208 ஆச்சேன்னு அழ வேண்டாம், 192 ஆச்சுன்னு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல எடுங்க. நல்ல லேப்ல தினமும் காலையில அளவு தெரிஞ்ச சீரத்தை மிஷின்ல போட்டுப் பாத்துட்டுத்தான் நம்ம இரத்தத்தைத் தொடுவாங்க. ரேஷன் கடைத் தராசுக்கு முத்திரை வாங்குற மாதிரி. "இன்னைக்குக் கன்ட்ரோல் போட்டாச்சா"ன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு.

அஞ்சு, எல்லாத்தையும்விட முக்கியமானது. சீட்டு வந்ததும் முதல்ல டிரைகிளிசரைடைப் பாருங்க. அது 400க்கு மேல இருந்தா, பக்கத்துல இருக்கிற எல்.டி.எல். எண்ணை நம்பாதீங்க. அதைக் கழிச்சு எழுதினாங்களா, அளந்து எழுதினாங்களான்னு கேளுங்க. பிறகு சீட்டை முழுசா டாக்டர்கிட்ட காட்டுங்க. நாலு எண்ணுல நமக்குப் பிடிச்ச ஒரு எண்ணை மட்டும் பாத்துட்டு மடிச்சு வைக்காதீங்க.

2021ல இருந்து நம்ம குழுவுல இருந்தே போன தன்னார்வலர் தங்கச்சிங்க வீடு வீடா வந்து பிரஷரும் சர்க்கரையும் பாக்கிறாங்க. விரல் நுனியில ஒரு சொட்டுல சர்க்கரை தெரிஞ்சிடும். கொழுப்புக் கணக்கு முழுசாத் தெரியணும்னா நரம்புல இரத்தம் எடுத்து லேப்புக்குப் போகணும். பிரஷர், சர்க்கரை இருக்கிறவங்களும், குடும்பத்துல சின்ன வயசுல மாரடைப்பு வந்தவங்களும் ஒரு தடவையாவது போங்க. வீட்டு ஆம்பளைங்களை மட்டும் அனுப்பிட்டு நாம விட்டுடக் கூடாது. நானும் எடுத்தேன், கொழுந்தனார் சம்சாரமும் எடுத்துட்டா. அவளோட பையனுக்குப் பதினாறு வயசு. அவனையும் டாக்டரம்மா பாத்துட்டாங்க.

கடைசியா ஒண்ணு. மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசம் கழிச்சு எங்க வீட்டுக்காரருக்கு மறுபடியும் டெஸ்ட் எடுத்தோம். குடியை நிறுத்தினார். நடுவுல ரெண்டு தடவை வழுக்கினார், அதையும் சொல்லிடுறேன். மொத்தம் 176, டிரைகிளிசரைடு 165, எச்.டி.எல். 38. லேப்ல சொல்றதுக்கு முன்னாடி அவரே பேனாவை வாங்கிக் கணக்குப் போட்டார். 165ல அஞ்சுல ஒரு பங்கு 33. 176ல 38ஐயும் 33ஐயும் கழிச்சா 105.

முன்னாடி 106, இப்ப 105. ஏறக்குறைய அதே எண். அன்னைக்கு அது பொய்க் கணக்கு, இன்னைக்கு நெசக் கணக்கு. "இன்னும் கொஞ்சம் குறையணும்"னு டாக்டர் சொல்லியிருக்கார். பெரிய ஆஸ்பத்திரியிலயும் காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். மூட்டை தூக்கிறதை விட்டுட்டு இப்ப ஆடு மேய்க்கிறார்.

நம்ம கூட்டமைப்புல ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்துல சேமிப்பு, கடன், வட்டின்னு வாசிக்கிறோம். ஒரு ரூபா வித்தியாசம் வந்தாலும் ராத்திரி உக்காந்து தேடுறோம். அந்தக் கண்ணோட வீட்டுல மடிச்சு வச்சிருக்கிற லேப் சீட்டையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.